ரத்தம் எடுக்கிறவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18 வருடமாகக் காலை 6.30 மணிக்கு லேப் ஷட்டரைத் தூக்குகிறேன். மதுரைப் பக்கம் ஒரு நடுத்தர லேப். அதற்கு முன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுகிறவர்கள் கேட்பது, கூட வந்தவர்கள் கேட்பது, இந்த வேலைக்குப் படிக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பது எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். அந்த இரண்டு நிமிஷ அவசரத்தில் சொல்ல முடியாமல் போன பதில்கள் இவை.

ஃபிளெபாடமி டெக்னீஷியன் என்றால் யார்? லேப் டெக்னீஷியன் வேறா?

பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதையே முழு வேலையாகச் செய்கிறவர் ஃபிளெபாடமி டெக்னீஷியன். ஃபிளெபாடமிஸ்ட் என்றும் சொல்வார்கள். கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளிலும், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் லேப்களிலும், வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுக்கும் பிரிவிலும் இந்த வேலை தனியாக உண்டு. நம் ஊர் சின்ன லேப்களில் அப்படி இல்லை. ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, ரிப்போர்ட் அடிப்பது, சாயங்காலம் கல்லாவில் உட்காருவது எல்லாம் ஒரே ஆள். வார்டுகளில் பெரும்பாலும் நர்ஸ்கள் எடுத்து அனுப்புவார்கள்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் நேர்ப்பொருள் ‘சிரையை வெட்டுதல்’. அந்தக் காலத்தில் ரத்தத்தை வெளியேற்றுவதே வைத்தியமாக இருந்தது. நம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அட்டை விடலும் குருதி வாங்கலும் உண்டு. இன்றைக்கும் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைதீமியா வேரா மாதிரி சில நோய்களுக்கு ரத்தத்தை வெளியே எடுப்பது சிகிச்சைதான். மற்றபடி நாங்கள் எடுப்பதெல்லாம் பரிசோதித்துப் பார்ப்பதற்காக.

நரம்பில்தானே ஊசி போடுகிறீர்கள்?

இல்லை. நரம்பில் போட்டால் நீங்கள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிடுவீர்கள்.

பேச்சில் நாம் ரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், உணர்வைக் கொண்டுபோகும் நரம்பையும் நரம்பு என்கிறோம். “நரம்பு கிடைக்கலப்பா” என்று நானே தினமும் சொல்கிறேன். நாங்கள் தேடுவது சிரை, அதாவது இதயத்துக்குத் திரும்பிப் போகிற ரத்தம் ஓடும் குழாய். முழங்கை மடிப்பின் நடுவில் ஒன்று, கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. நடுவில் இருப்பது நல்லது. நழுவாது, வலியும் குறைவு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும் அதைக் கடைசியாகத்தான் தொடுவோம். அதன் அருகிலேயே தமனியும் நிஜமான நரம்பும் போகின்றன.

இந்தச் சொல் குழப்பம் ஒரு விஷயத்தில் முக்கியம். ஊசி நுழையும்போது சுருக்கென்று வலிப்பது சகஜம். ஆனால் கரண்ட் அடித்த மாதிரி விரல் நுனி வரை இறங்கினால், அல்லது விரல்கள் மரத்துப் போனால், பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே சொல்லுங்கள். அது உண்மையான நரம்பு. ஊசியை அந்த நொடியே வெளியே எடுத்துவிட வேண்டும். “கொஞ்சம் பொறுங்க, வந்துட்டிருக்கு” என்று எந்த டெக்னீஷியன் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எனக்கு மட்டும் ஏன் மூன்று நான்கு தடவை குத்துகிறார்கள்?

குழாய் மெலிந்திருக்கலாம், ஆழத்தில் இருக்கலாம், வயதானவர்களுக்குப் போல உருண்டு நழுவலாம். கீமோதெரபி எடுத்தவர்களுக்குக் குழாய் கயிறு மாதிரி இறுகிவிடும். எங்கள் கை அன்றைக்குச் சரியில்லாமலும் இருக்கலாம், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலக் கூடாது, அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது நல்ல லேப்களில் எழுதி வைத்த விதி. விதி இல்லாத இடத்தில் நீங்களே கேட்கலாம்: “தம்பி, வேற யாராச்சும் பாக்கட்டுமே.” கோபித்துக்கொள்ள மாட்டோம். உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருக்கும்.

உங்கள் பக்கம் செய்ய முடிந்தது: காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர். ‘வெறும் வயிறு’ என்றதும் பலர் தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். குழாய் சுருங்கிப்போக அதுவே முதல் காரணம். ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குழாய் எழும்பி நிற்க நாங்கள் மேல்கையில் ரப்பர் கட்டுப் போடுவோம்; இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டினால் அது இன்னொரு கட்டுப் போலக் கையை இறுக்கும். தளர்வான கை வைத்ததைப் போட்டு வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். போன முறை எந்தக் கையில் சுலபமாகக் கிடைத்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் கையைப் பற்றி எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

கட்டைப் போட்டதும் “கையை மூடித் திற, மூடித் திற” என்று சொல்வது பழைய பழக்கம். நானும் ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கசிந்து அளவு கூடிக் காட்டும். ஒரு முறை மூடி வைத்திருந்தால் போதும். கட்டும் ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

எதற்கு இத்தனை டியூப்? ஒரே டியூப்பில் எடுத்துப் பிரித்துக்கொள்ளக் கூடாதா?

கூடாது. மூடியின் நிறம் அழகுக்கு இல்லை. ஒவ்வொன்றின் உள்ளேயும் வேறு மருந்து இருக்கிறது, அல்லது மருந்தே இல்லாமல் இருக்கிறது.

ஊதா மூடியில் ஈடிடிஏ. ரத்தம் உறையாமல் அணுக்களை அப்படியே வைத்திருக்கும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையும், மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்கிற எச்பிஏ1சியும் இதில்தான். சாம்பல் மூடியில் ஃபுளோரைடு, சர்க்கரைக்கு. ரத்தம் வெளியே வந்த பிறகும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண டியூப்பில் விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துவிடும். அதைக் கட்டுப்படுத்தத்தான் ஃபுளோரைடு. சிவப்பு, மஞ்சள் மூடிகளில் ரத்தம் உறைய வேண்டும். அரை மணி நேரம் வைத்து, மெஷினில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தில் கிட்னி, லிவர், தைராய்டு எல்லாம் பார்ப்போம். இளநீல மூடியில் சிட்ரேட். ரத்தம் உறையும் நேரத்தை அளக்க, அதாவது ஐஎன்ஆர் பார்க்க. இதில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. கோடு வரை ரத்தம் ஏறாவிட்டால் கணக்கு கெட்டு, உறையும் நேரம் நீண்டு காட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தத் தப்பான எண்ணை நம்பி டோஸைக் குறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த டியூப் முதலில் என்பதற்கும் வரிசை இருக்கிறது. கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டில், இளநீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியாகச் சாம்பல். முந்தைய டியூப்பின் மருந்து ஊசி வழியாக அடுத்ததில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக.

ஒரு டியூப்பின் மருந்து இன்னொன்றில் கலந்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்த்தேன். நைட் டூட்டி. ஒரு பெரியவரின் பொட்டாசியம் 8-க்கு மேல் வந்தது. 5-ஐத் தாண்டினாலே டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள், 8 என்றால் இதயம் எந்த நேரமும் நிற்கலாம் என்று பொருள். வார்டுக்கு ஓடினால் அவர் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார். கால்சியத்தைப் பார்த்தேன், பாதாளத்தில் கிடந்தது. அப்போதே புரிந்துவிட்டது. புதிதாக வந்த பையன் சிவப்பு டியூப்பில் ரத்தம் பத்தவில்லை என்று ஊதா டியூப்பிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறான். டியூப்பில் இருக்கும் ஈடிடிஏ பொட்டாசிய உப்பு. அது பொட்டாசியத்தைக் கூட்டும், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திரும்ப எடுத்தோம், 4.2. டாக்டர் அந்த முதல் எண்ணை நம்பி மருந்தை ஏற்றியிருந்தால் பெரியவர் பிஸ்கட்டை முடித்திருக்க மாட்டார். பையன் தப்பை மறைக்காமல் சொன்னான். அதனால் அவனை இன்றைக்கும் மதிக்கிறேன்.

லேப் ரிப்போர்ட் தப்பு என்றதும் எல்லாரும் மெஷினைத் திட்டுகிறார்கள். தப்புகளில் பாதிக்கு மேல் சாம்பிள் மெஷினுக்குப் போவதற்கு முன்பே, அந்த நாற்காலியிலேயே நடந்துவிடுகிறது.

இவ்வளவு ரத்தம் எடுத்தால் உடம்பு தாங்குமா?

மூன்று டியூப் சேர்த்து 10 மில்லி வரும். இரண்டு டீஸ்பூன். உங்கள் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ஓடுகிறது. ரத்த தானத்தில் ஒரே நேரத்தில் 350 மில்லி கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்துவிட்டு பைக் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மாதுளம்பழம் சாப்பிடுவதற்கு இது ஒரு சாக்கு என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

என் பெயர் சீட்டிலேயே இருக்கிறதே, ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்?

இந்த வேலையில் ஊசி குத்துவது சின்னப் பங்கு. யாருடைய ரத்தம் எந்த டியூப்பில் இருக்கிறது என்பதுதான் பெரிய பங்கு.

நம் ஊரில் இது கூடுதல் சிக்கல். குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஒரு வார்டில் மூன்று எஸ். லட்சுமி இருப்பார்கள். மூன்று பேருக்கும் வயது ‘அறுவது இருக்கும்’. பிறந்த தேதி கேட்டால் “தாது வருஷமோ என்னமோ, எங்க அண்ணனுக்கு ரெண்டு வருஷம் இளையவ” என்று பதில் வரும். காதும் சரியாகக் கேட்காது. “நீங்கதானே லட்சுமி?” என்று கேட்டால் பாதிப் பேர் எதற்கும் தலையாட்டுவார்கள். மருந்து கொடுக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆட்டுவார்கள். அதனால் பெயரை நாங்கள் சொல்லக் கூடாது. “உங்க பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர் என்ன? எந்த ஊரு?” என்று கேட்டு அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பெயர் தவிர இன்னொரு அடையாளமும் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), லேப்பில் போன் நம்பர் அல்லது பில் நம்பர்.

இன்னொன்று: டியூப்பில் பெயர் ஒட்டுவது ரத்தம் எடுத்த பிறகு, உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். காலையிலேயே இருபது டியூப்புக்கு லேபிள் ஒட்டி வரிசையாக நிறுத்திவைத்தால் வேகமாகத்தான் இருக்கும். வரிசையில் ஒருவர் எழுந்து பாத்ரூம் போனால் அதோடு முடிந்தது கதை. ரத்தம் ஏற்றுவதற்கான குரூப் பார்க்கும் சாம்பிளில் இந்தத் தப்பு உயிரையே வாங்கும். எடுத்ததும் டியூப்பைக் காட்டச் சொல்லிப் பெயரைப் படித்துப் பாருங்கள். நல்ல டெக்னீஷியன் சந்தோஷமாகக் காட்டுவார்.

வெறும் வயிறு என்றால் எவ்வளவு நேரம்? காபி குடிக்கலாமா?

இந்தக் கேள்வி கேள்வியாக வருவதே இல்லை, ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் வரும். “ஒண்ணுமே சாப்பிடல சார். காபி மட்டும்தான்.” நம் ஆட்களுக்குக் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது. டபராவில் ஆற்றிக் குடித்தால் பாலும் சர்க்கரையும் இல்லாமல் போய்விடாது. சர்க்கரை போடாத கட்டங்காபியும் வேண்டாம்.

சர்க்கரைக்கு 8 மணி நேரம். கொழுப்புக்கு 9 முதல் 12 மணி நேரம் வரை கேட்போம். இப்போது பல டாக்டர்கள் கொழுப்பைச் சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் ஏற்கிறார்கள். அதில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு வகை மட்டும் சாப்பாட்டில் ஏறும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி வாருங்கள். நல்லதுக்குத்தானே என்று முதல் நாள் மதியத்திலிருந்தே பட்டினி கிடப்பதும் தப்பு, அதுவும் அளவுகளை மாற்றும். சிகரெட், வெற்றிலை பாக்கு, வரும் வழியில் வேகநடை எதுவும் வேண்டாம். தண்ணீர் வேண்டும்.

சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரைக்கு 2 மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து. கை கழுவியதிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். அன்றைக்கு மட்டும் ஒரே ஒரு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டால்தான் டாக்டருக்கு உண்மை தெரியும்.

கர்ப்பிணிகளுக்கு நம் நாட்டு அரசு வழிகாட்டுதல் வேறு. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 140-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள்தான். வாந்தியை மறைக்காதீர்கள்.

காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வரலாமா?

பிரஷர் மாத்திரை பொதுவாகப் போடலாம். வெறும் வயிற்றில் வரும்போது சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ வேண்டாம். பட்டினியில் சர்க்கரை இறங்கி வழியிலேயே தலை சுற்றும். கையில் எடுத்து வந்து, ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுத்த பிறகு போடுவது நல்லது. இதிலெல்லாம் உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதே கணக்கு.

யாரும் சொல்லாத ஒன்று: முடி கொட்டுவதற்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. அது சத்து மாத்திரை என்பதால் மருந்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சில மெஷின்களில் அது தைராய்டு முடிவையே புரட்டிப்போடும். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வாருங்கள்.

ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும். வெட்கமாக இருக்கிறது.

முறுக்கு மீசை வைத்தவர்களும் ஜிம் பாடிகளும்தான் அதிகம் விழுகிறார்கள், என் அனுபவத்தில். பயத்தில் பிரஷரும் நாடித்துடிப்பும் சட்டென்று இறங்குவதால் வருவது அது. கோழைத்தனம் இல்லை. முன்கூட்டியே சொன்னால் படுக்க வைத்து எடுப்போம். சொல்லாமல் உட்கார்ந்து, ஊசி உள்ளே இருக்கும்போது சரிந்து விழுவதுதான் ஆபத்து. எடுத்ததும் விறுவிறுவென்று படி இறங்காதீர்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

எடுத்த இடம் நீலம் பாரித்துவிட்டது. தப்பாகக் குத்திவிட்டார்களா?

குழாயின் ஓட்டை அடைபடுவதற்குள் ரத்தம் தோலுக்கு அடியில் கசிந்திருக்கிறது. எங்கள் தப்பும் இருக்கலாம். கட்டை அவிழ்க்காமல் ஊசியை உருவினால் இப்படி ஆகும். ஆனால் பெரும்பாலும் பஞ்சை வைத்ததும் கையை மடக்கிக்கொள்வதால்தான். சினிமாவில் பார்த்ததோ என்னவோ, எல்லாரும் மடக்குகிறார்கள். கையை நீட்டி வைத்து, பஞ்சைத் தேய்க்காமல் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்துங்கள். ஆஸ்பிரின், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஐந்து நிமிஷத்துக்கு மேல். அன்றைக்கு அந்தக் கையில் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். நீலம் பச்சையாகி மஞ்சளாகி, ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ கை மரத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்தக் கையில் எடுக்கக் கூடாது?

டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட, அதாவது தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருக்கும் கையில் கூடவே கூடாது. கட்டுகூடப் போடக் கூடாது. அது அவர்களுடைய உயிர்க்கயிறு. மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையையும் தவிர்ப்போம். டிரிப்ஸ் ஓடும் கையில், டிரிப்ஸுக்கு மேலே எடுத்தால் சாம்பிளில் பாதி குளுக்கோஸ் தண்ணீர்தான் வரும். இவற்றை நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

குழந்தைக்கு எப்படி எடுப்பீர்கள்? “வலிக்காது” என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். முதல் முறை நம்பும். இரண்டாவது முறை லேப் இருக்கும் தெருவுக்கே வராது. “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்” என்பது உண்மை. அம்மா மடியில் உட்கார வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டால் போதும், மேஜையில் படுக்கவைத்து நாலு பேர் அமுக்குவது கடைசி வழி. மரத்துப்போகும் கிரீம் இருக்கிறது, ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். “இந்த அண்ணன் ஊசி போட்டுடுவார், ஒழுங்கா சாப்பிடு” என்று வீட்டில் என்னைப் பூச்சாண்டி ஆக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

பிறந்த குழந்தைக்குக் குதிகாலின் ஓரத்தில் குத்தி, சொட்டுகளை ஒரு தனித் தாளில் ஊறவைத்து எடுப்பார்கள். தைராய்டு குறைபாட்டை அதிலேயே கண்டுபிடித்து மருந்து கொடுத்துவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்காது. செய்யச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

ஊசி புதுசுதானா? பழசை என்ன செய்கிறீர்கள்?

உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஸ்பிரிட் தடவிய இடம் காயும் வரை அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், கிருமியும் முழுதாகச் சாகாது. வாயால் ஊதுகிறவரைக் கண்டால் நிறுத்துங்கள்.

குத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது. 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு, சிரிஞ்சு மாதிரி பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கு, ரத்தம் நனைந்த பஞ்சு மஞ்சள் பைக்கு. நீங்கள் பஞ்சை வெளியே வந்து செடிக்குள் வீசினால் அந்த விதிகள் எல்லாம் அதோடு சரி.

உங்களுக்கே ஊசி குத்திவிட்டால்?

குத்தியிருக்கிறது, இரண்டு முறை. பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்ல வேண்டும். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசியாக இருந்தாலும் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 1000-க்கு 3. மஞ்சள் காமாலை பி வகை அதைவிடப் பல மடங்கு சுலபமாகத் தொற்றும், ஆனால் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. அதைப் போடாமல் பயிற்சிப் பிள்ளைகளை ரத்தம் எடுக்க அனுப்பும் நிறுவனங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எச்ஐவி தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். முதல் முறை நான் பயத்தில் ஒரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ராத்திரித் தூக்கம் எதிரிக்கும் வேண்டாம்.

ரிசல்ட் எப்படி இருக்கிறது என்று வாயால் சொல்லக் கூடாதா?

எண்ணைச் சொல்லலாம், பொருளைச் சொல்லக் கூடாது. அது டாக்டர் வேலை. உயிருக்கு ஆபத்தான அளவு வந்தால் ரிப்போர்ட் அச்சாகும் வரை காத்திருக்க மாட்டோம், டாக்டருக்கே போன் போடுவோம். எச்ஐவி பரிசோதனைக்கு 2017-ம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் வேண்டும், முடிவு ரகசியம். “நான் அவங்க மாமா, எங்கிட்ட சொல்லலாம்” என்று வருகிறவர்களிடம் நாங்கள் கறாராக இருப்பது அதனால்தான்.

வீட்டுக்கு வந்து எடுத்தால் சரியாக வருமா? விரலில் குத்திப் பார்ப்பது போதாதா?

எடுப்பதில் வித்தியாசம் இல்லை, கொண்டுபோவதில் இருக்கிறது. சித்திரை வெயிலில் பைக் டிக்கியில் மூன்று மணி நேரம் சுற்றிய சாம்பிளை எந்த மெஷினும் காப்பாற்றாது. குளிர்ப்பெட்டி இருக்கிறதா, உங்கள் வீட்டுக்குப் பிறகு இன்னும் எத்தனை வீடு என்று கேளுங்கள்.

விரலில் குத்தும் குளுக்கோமீட்டர் அன்றாடக் கண்காணிப்புக்கு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பது அப்படித்தான், கிராமங்களில் அது செய்திருக்கும் நன்மை பெரிது. ஆனால் மீட்டருக்கு 15 சதவீதம் கூடக் குறைய அனுமதி உண்டு. லேப்பில் 200, மீட்டரில் 220 என்றால் இரண்டும் சரிதான். அதற்காக எங்களிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூவில் அறிவியல் எடுத்துவிட்டு, மருத்துவ லேப் தொழில்நுட்பத்தில் இரண்டு வருட டிஎம்எல்டி டிப்ளமோ அல்லது பிஎஸ்சி எம்எல்டி பட்டம். தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்படிப்பு இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் படித்தவர்களுக்கு எங்கும் மதிப்பு. அரசு வேலைக்கு எம்ஆர்பி என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும். ரத்தம் எடுப்பதற்கு மட்டும் குறுகிய காலத் திறன் பயிற்சிகளும் உண்டு, வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் மேலே ஏற முடியாது. முடிந்தால் டிப்ளமோவே படியுங்கள். பஸ் ஸ்டாண்டு மாடியில் ‘ஆறே மாதத்தில் லேப் டெக்னீஷியன்’ என்று போர்டு மாட்டியிருந்தால், எந்த அங்கீகாரம் என்று எழுத்தில் கேளுங்கள். 2021-ல் மருத்துவம் சார்ந்த துறைகளுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது. அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் இனிமேல் இன்னும் கஷ்டம்.

அமெரிக்காவில் இது தனித் தொழில். கலிஃபோர்னியா, லூசியானா, நெவாடா, வாஷிங்டன் மாநிலங்களில் மாநில அரசின் உரிமமோ சான்றிதழோ இல்லாமல் ஊசியைத் தொட முடியாது.

சம்பளம், வேலை நேரம் எல்லாம் எப்படி?

தனியார் லேப்பில் ஆரம்பச் சம்பளம் செய்கிற வேலைக்கு ஈடாகாது. பூசி மெழுக ஒன்றுமில்லை. காலை 6.30 முதல் 10 வரை தலைதூக்க முடியாது. பசியோடு வருகிறவர்கள் எல்லாரும் எரிச்சலில்தான் இருப்பார்கள், அவர்களைவிட நமக்குப் பசிக்கும். கால் வலிக்கும். தீபாவளி அன்றும் வார்டு இருக்கும். இதெல்லாம் ஒத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத குழாயை விரல் நுனியால் தேடிப் பிடித்து, ஒரே குத்தில் எடுத்து, “அட, முடிஞ்சிடுச்சா?” என்று ஒரு பாட்டி கேட்கும் நிமிஷம் நன்றாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு யார் ரத்தம் எடுப்பார்கள்? பயப்படுவீர்களா?

எங்கள் லேப்பில் இருக்கிற தங்கச்சி எடுப்பாள். என் பெயரையும் இனிஷியலையும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன், சிரித்துக்கொண்டே கேட்பாள். ஊசி உள்ளே போகும்போது நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.